லைலா-மஜ்னுவை வரைந்த மாதச் சம்பளக்காரர்கள்

லைலா-மஜ்னு கதையைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. நாடகமாக வந்தது; சினிமாவாக வந்தது. ரிஷி கபூர் நடித்து 1976-இல் வெளிவந்த ஹிந்திப் படம் பலருக்கு நினைவிருக்கும். காதலில் பித்தாகி அலைகிற பையனை "மஜ்னு" என்று கேலி செய்வது தலைநகரில் சகஜம். ஆனால் சினிமாக்காரர்கள் கை வைப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதையைக் காட்சி காட்சியாக வண்ணத்தில் தீட்டி வைத்தவர்கள் இருந்தார்கள். நம் ஃபுல்ஸ்காப் தாளை விடச் சற்றே சிறிய ஏட்டில், அதிலும் பாதி இடத்தைக் கவிதை வரிகளுக்கு விட்டுவிட்டு, பாலைவனத்தையும் கூடாரத்தையும் மானையும் புலியையும் காதலியின் கண்ணீரையும் அடக்கிவிட்டார்கள்.

மொகலாயச் சித்திரம் என்றவுடன் நமக்கு அக்பர், ஜஹாங்கீர் பெயர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. வரைந்தவர்கள் யார்? அவர்கள் அரண்மனையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். பல்லக்குத் தூக்கியின் மகன் இருந்தான். குஜராத்திலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். காஷ்மீரத்தவர், பாரசீகத்தவர், மத்திய ஆசியாவிலிருந்து வந்தவர் எல்லாரும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்து. அந்தச் சுவையான செய்தியைப் பார்ப்போம்.

ஐந்து கதைகள், இரண்டு கவிகள்

பாரசீக மொழியில் காதல் காவியம் என்றால் முதலில் சொல்லப்படுகிற பெயர் நிஜாமி. இன்றைய அஜர்பைஜானில் உள்ள கஞ்சா என்னும் ஊரைச் சேர்ந்தவர். 12-ஆம் நூற்றாண்டின் கவி. அவர் இயற்றிய ஐந்து நெடுங்கவிதைகளைச் சேர்த்துக் "கம்ஸா" என்பார்கள். கம்ஸா என்றால் ஐந்து என்று பொருள். லைலா-மஜ்னுவும், குஸ்ரோ-ஷீரீனும் அந்த ஐந்தில் இரண்டு.

நிஜாமிக்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கதைகளை எடுத்துக்கொண்டு, அதே போல் ஐந்து காவியங்கள் பாடியவர் அமீர் குஸ்ரோ. அவர் நம் தில்லிக் கவி. 1253-இல் பிறந்து 1325-இல் மறைந்தார். ஊரிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிற ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையம் இருக்கிறதல்லவா? அந்தப் பெயருக்கு உரிய ஞானி நிஜாமுதீன் அவுலியாதான் அமீர் குஸ்ரோவின் குரு. நிலையத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள தர்காவில் குருவின் சமாதிக்கு அருகிலேயே சீடரின் சமாதியும் இருக்கிறது. இந்த நாட்டின் மொழிகளைப் பட்டியலிட்டு அவர் 1318-இல் எழுதிய நூலில் "மஅபரி" என்று ஒரு மொழி வருகிறது. அராபியர் நம் கிழக்குக் கரையை மஅபர் என்று அழைத்தார்கள். ஆகவே அது நம் தமிழேதான்.

இனி குஸ்ரோ-ஷீரீன் கதை. (இந்தக் குஸ்ரோ பாரசீக மன்னன், கவி குஸ்ரோ வேறு.) இளவரசன் குஸ்ரோவுக்கு ஷாப்பூர் என்று ஒரு நண்பன், அவன் கைதேர்ந்த சித்திரக்காரன். ஆர்மீனியாவில் ஷீரீன் என்ற பேரழகி இருப்பதாக அவன் வந்து சொல்கிறான். கேட்ட மாத்திரத்தில் இளவரசன் காதல் கொள்கிறான். ஷாப்பூர் ஆர்மீனியாவுக்குப் போய், தோழியருடன் ஷீரீன் உலாவ வரும் இடத்தில் ஒரு மரத்தில் இளவரசனின் படத்தை வரைந்து மாட்டி வைக்கிறான். அவள் பார்க்கிறாள், மனத்தைப் பறிகொடுக்கிறாள். தோழியர் பயந்து படத்தை அப்புறப்படுத்துகிறார்கள். மறுபடியும் ஒரு படம். மறுபடியும் ஒரு படம். மூன்றாவது முறை சித்திரக்காரனே அகப்பட்டுக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுகிறான். நளனுக்கு அன்னம் தூது போயிற்று. இங்கே ஒரு சித்திரம் தூது போகிறது. பின்னாளில் இந்தக் கட்டத்தைச் சித்திரக்காரர்கள் மீண்டும் மீண்டும் ஆசையோடு வரைந்ததில் வியப்பென்ன?

அதே கதையில் வரும் பர்ஹாத் ஒரு கல்தச்சன். ஷீரீனுக்காக மலையைக் குடைந்து பால் வருவதற்குக் கால்வாய் வெட்டியவன். அவள் ஏறிவந்த குதிரை களைத்து விழப்போனபோது, குதிரையோடு அவளையும் தோளில் தூக்கிச் சென்றவன். மன்னன் அவனிடம் பீஸ்துன் மலையை வெட்டி வழி உண்டாக்கு, அப்புறம் பார்க்கலாம் என்கிறான். அவன் வெட்டியே விடுவான் போலிருக்கவே, ஷீரீன் இறந்துவிட்டாள் என்று பொய்ச் செய்தி அனுப்புகிறான். பர்ஹாத் மலையிலிருந்து விழுந்து உயிரை விடுகிறான். முடிமன்னன் ஒரு பக்கம், உளி பிடித்த தொழிலாளி ஒரு பக்கம். கேட்பவர் மனம் யார் பக்கம் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடைக்கலம் போன பாதுஷா

இந்தக் கதைகளுக்குப் படம் போடும் கலை மொகலாய அரண்மனைக்கு வந்ததே ஒரு தோல்வியின் விளைவு. நாட்டை இழந்த ஹுமாயூன் 1544-இல் பாரசீக மன்னர் தாமாஸ்பிடம் அடைக்கலம் போனார். மன்னரின் ஆஸ்தானச் சித்திரக்காரர்களைப் பார்த்து அவர் சொக்கிப் போனார். அவர்களில் மீர் சையத் அலி, அப்துஸ் சமத் என்ற இருவர் 1549-இல் காபூலில் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். மன்னர் தாமாஸ்புக்காக 1539 முதல் 1543 வரை தயாரான நிஜாமியின் கம்ஸாவில் ஒரு புகழ் பெற்ற படம் உண்டு. ஒரு கிழவி மஜ்னுவைச் சங்கிலியில் பிணைத்துப் பிச்சைக்காரன் போல லைலாவின் கூடாரத்துக்கு இழுத்து வருகிற காட்சி அது. அதை வரைந்தவர் மீர் சையத் அலி என்பது அறிஞர்கள் கருத்து.

ஹுமாயூன் 1555-இல் தில்லியை மீட்டார். 1556-இல் புராணா கிலாவில் நூலகப் படிக்கட்டிலிருந்து தவறி விழுந்து இறந்தார். ஆனால் அவர் அழைத்து வந்த இரண்டு பேரும் இங்கேயே தங்கி, சிறுவன் அக்பருக்கும் சித்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். அக்பர் ஆட்சியில் தயாரானவற்றுள் தேதியிட்ட மிகப் பழைய சித்திர ஏடு 1568-ஐச் சேர்ந்தது. அதுவும் ஒரு காதல் கதைதான். அலாவுதீன் கில்ஜியின் மகன் கிஜர் கானுக்கும் குஜராத் இளவரசி தேவல் தேவிக்கும் ஏற்பட்ட காதலை அமீர் குஸ்ரோ பாடிய நூல் அது. அந்த ஏடு இன்று தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை.

வாரம் ஒரு முறை மேற்பார்வை

அக்பரின் சித்திரச்சாலை எப்படி நடந்தது என்பதை அவருடைய அமைச்சர் அபுல் பசல் "ஆயினி அக்பரி"யில் எழுதி வைத்திருக்கிறார். படித்தால் ஒரு பெரிய ஆபீஸ் போலவே இருக்கிறது. தாரோகாக்களும் குமாஸ்தாக்களும் வாரந்தோறும் ஒவ்வொருவர் வேலையையும் பாதுஷாவின் பார்வைக்கு வைப்பார்கள். அவர் பார்த்து, தரத்துக்கு ஏற்றபடி வெகுமதி கொடுப்பார், அல்லது மாதச் சம்பளத்தை உயர்த்துவார். வருஷத்துக்கு ஒரு இன்கிரிமெண்டுக்குக் காத்திருக்கும் நமக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கும்.

அபுல் பசல் 17 சித்திரக்காரர்களின் பெயரைச் சொல்கிறார். அவர்களில் 13 பேர் இந்துக்கள். தஸ்வந்த், பஸாவன், கேசு, லால், முகுந்த், மாதவ், ஸான்வலா என்று பட்டியல் போகிறது. தஸ்வந்த் பல்லக்குத் தூக்கியின் மகன். சுவர்களில் கிறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பையன் அக்பர் கண்ணில் பட்டான். அப்துஸ் சமதிடம் சிஷ்யனாகச் சேர்க்கப்பட்டான். சீக்கிரமே எல்லாரையும் மிஞ்சினான். ஆனால் பாவம், சித்தம் கலங்கி, 1584-இல் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான். வேறு யாருக்கும் இல்லாத இரக்கத்தோடு அவனைப் பற்றி அபுல் பசல் எழுதுகிறார்.

வேலையும் லேசுப்பட்டதல்ல. காகிதத்தை அகேட் கல்லால் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். பிறகு தூரிகையால் மெல்லிய கோடுகளில் உருவம். அதன் மேல் சன்னமாக ஒரு வெள்ளைப் பூச்சு. அதன் வழியே தெரியும் கோட்டின் மேல் மறுபடியும் திருத்தமான கோடு. அப்புறந்தான் வண்ணம். நீலத்துக்குப் படக்ஷான் மலையிலிருந்து வந்த வைடூர்ய நீலக்கல்லை அரைப்பார்கள். சிவப்புக்கு சாதிலிங்கம். பொன்னை அரைத்துப் பொன்வண்ணம். எல்லாவற்றுக்கும் கோந்துதான் பிடிப்பு. தூரிகைக்கு அணில் வால் முடி. ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு படத்தைக் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தேய்ப்பார்கள். அப்போதுதான் வண்ணம் எனாமல் போல மின்னும். வண்ணமே அதிகம் இல்லாமல், கோடும் லேசான சாயமும் பொன்னும் மட்டும் வைத்து வரைவதும் உண்டு. அதற்கு "நீம் கலம்", அதாவது அரைப் பேனா என்று பெயர். கோட்டின் பலத்தை மறைக்க வண்ணம் இல்லாததால், தேர்ந்த கையால் மட்டுமே அது முடியும்.

மஜ்னு சாதுவான கதை

பாரசீகத்துக் கதை இந்தியக் கைகளுக்கு வந்ததும் என்ன ஆயிற்று? மஜ்னு காட்டில் மிருகங்களோடு வாழ்கிற காட்சியைப் பாருங்கள். பாரசீக ஏடுகளில் அது அலங்காரமான பாலைவனம், தங்க வானம், பூவேலை போன்ற பாறைகள். மொகலாயச் சித்திரக்காரர் கையில் மஜ்னுவின் விலா எலும்பை எண்ணிவிடலாம். அவன் சடை வளர்த்த நம் ஊர்ச் சாமியார் போலவே உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் உள்ள மான், புலி, ஆடு எல்லாம் நேரில் பார்த்து வரைந்தவை என்பது ரோமத்திலேயே தெரிகிறது.

இந்தக் கலையின் உச்சம் என்று இரண்டு ஏடுகளைச் சொல்வார்கள். அக்பர் 1585 முதல் 1598 வரை லாகூரில் இருந்தார். அந்தக் காலத்தில் தயாரானவை அவை. ஒன்று 1595-இல் முடிந்த நிஜாமியின் கம்ஸா. மற்றது 1597-98-ஐச் சேர்ந்த அமீர் குஸ்ரோவின் கம்ஸா. சரித்திர நூல்களுக்குப் படம் போடும்போது ஒருவர் உருவம் வரைய, இன்னொருவர் வண்ணம் தீட்ட, மூன்றாமவர் முகங்களை மட்டும் எழுதுவது வழக்கம். கவிதை நூல்களில் பெரும்பாலும் ஒரு படத்துக்கு ஒரே கை. போர்க்களத்தைப் பங்கு போட்டு வரையலாம். காதலை அப்படி வரைய முடியாது என்று நினைத்தார்கள் போலும்!

அமீர் குஸ்ரோவின் கம்ஸாவில் பஸாவன் வரைந்த ஒரு படம் மறக்க முடியாதது. மெக்காவுக்குப் போகும் ஒரு முஸ்லிம் யாத்திரிகர், வழியில் ஒரு பிராமணரைப் பார்க்கிறார். அவர் சோமநாதபுரத்துக்கு அங்கப்பிரதட்சிணம் போலத் தரையில் ஊர்ந்தே போகிறார். அந்தப் பக்தியைக் கண்ட யாத்திரிகர் தம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கிறார். இங்கே காதலி இல்லை. ஆனால் சொல்லப்படுவது காதல்தான். கவி ஒரு முஸ்லிம், சித்திரக்காரர் ஓர் இந்து, இருவரும் சேர்ந்து அந்தச் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

கதைகளும் ஒரு வழிப் பாதையில் வரவில்லை. 1594-இல் அக்பரின் ஆஸ்தான கவி பைஜி, லைலா-மஜ்னுவின் சந்தத்திலேயே நளன்-தமயந்தி கதையைப் பாரசீகத்தில் பாடினார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் தென்காசியில் அதிவீரராம பாண்டியன் அதே கதையை "நைடத"மாகத் தமிழில் பாடினான். லாகூரில் ஒரு நளன், தென்காசியில் ஒரு நளன்!

ஓரத்தில் ஒரு வரி

இப்போது குமாஸ்தா விஷயத்துக்கு வருவோம். பாரசீக மரபில் பெரிய மரியாதை கவிதையை அழகாக எழுதிக் கொடுத்த எழுத்தருக்கே. நிஜாமியின் ஏட்டை எழுதிய அப்துர் ரஹீமுக்கு "அம்பர் பேனா" என்று பட்டம். அமீர் குஸ்ரோவின் ஏட்டை எழுதிய முகமது ஹுசேன் காஷ்மீரிக்குப் "பொற்பேனா" என்று பட்டம். ஏட்டின் முடிவில் எழுத்தர் பெயர் இருக்கும். சித்திரக்காரர் தம் பெயரைப் போட்டுக்கொள்வது அபூர்வம். போட்டாலும் ஒரு பாறையிலோ சுவரிலோ கண்ணுக்குத் தெரியாமல் நுணுக்கமாக ஒளித்து வைப்பார்.

ஆனால் அக்பரின் நூலகத்து எழுத்தர்கள், படத்துக்கு அடியில், கோட்டுக்கு வெளியே, சின்னஞ்சிறு எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினார்கள். பல ஏடுகளில் அது சிவப்பு மையில் இருக்கும். "தர்ஹ்" என்றால் உருவம் வகுத்தது இன்னார். "அமல்" என்றால் வேலை செய்தது இன்னார். அரசாங்க உத்தரவு "அமலுக்கு வருகிறது" என்று நாம் தினமும் எழுதுகிறோமே, அதே அரபுச் சொல்தான். குமாஸ்தா என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததே. இந்தக் குறிப்புகள் கலையைப் போற்றுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. யார் எதைச் செய்தார் என்ற கணக்குக்காக எழுதப்பட்டவை என்று கருதப்படுகிறது. அதாவது ரிஜிஸ்தர் வேலை.

அந்த ரிஜிஸ்தர் வேலைதான் இன்று சரித்திரமாகிவிட்டது. பீம் குஜராத்தி, கேசு குஜராத்தி, சூர்தாஸ் குஜராத்தி என்று ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். பிழைப்புக்காக வந்த இடத்தில், வந்த ஊரே பெயரின் பாதியாகிவிட்டது. வெளியூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல; நம்மைக்கூட ஆபீஸில் பெயரைச் சொல்லாமல் "மதராஸி" என்றே கூப்பிட்ட காலம் உண்டு. மாதவ் என்பவருக்கு "கானாசாத்" என்று அடைமொழி; அரண்மனைச் சேவகத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பொருள். நிஜாமியின் ஏட்டில், பிளேட்டோ ஐரோப்பிய ஆர்கன் வாசிக்க, மிருகங்களெல்லாம் மயங்கிக் கிடக்கும் அதிசயப் படம் இந்த மாதவின் கைவேலை.

துரதிருஷ்டம் என்னவென்றால், பிற்காலத்தில் ஏட்டை மறுபடியும் பைண்டு செய்தவர்கள் ஓரத்தை வெட்டிச் சீராக்கினார்கள். எத்தனையோ படங்களில் படம் தப்பியது. பெயர் கத்தியோடு போயிற்று. அப்படிப் போனவற்றுக்கு இன்று நிபுணர்கள் கோட்டையும் வண்ணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இன்னார் வரைந்ததாக இருக்கலாம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு குமாஸ்தா ஒரு நிமிஷத்தில் எழுதியதைத் திரும்பக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சியாளருக்கு ஓர் ஆயுள் ஆகிறது.

எதிரும் புதிருமாக இருவர்

இந்தக் குறையை உணர்ந்தவர் ஜஹாங்கீர் எனலாம். ஒரே படத்தில் கண்ணையும் புருவத்தையும் வெவ்வேறு ஆள் எழுதியிருந்தால்கூட யார் எதை எழுதினார் என்று தம்மால் சொல்ல முடியும் என்று தம் நினைவுக் குறிப்பில் பெருமையடித்துக்கொண்டவர் அவர். தந்தையின் நிஜாமி ஏடு அவர் கைக்கு வந்தபோது, கடைசிப் பக்கத்தில் ஒரு படம் சேர்க்கச் சொன்னார். தௌலத் என்ற சித்திரக்காரர் அதை வரைந்தார். ஒரு பக்கம் "அம்பர் பேனா" அப்துர் ரஹீம் உட்கார்ந்து எழுதுகிறார். அவருக்கு எதிரே, அதே தரையில், அதே உயரத்தில் தௌலத் உட்கார்ந்து அவரை வரைந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான் படம். மன்னனும் இல்லை, லைலாவும் இல்லை. ஏட்டைச் செய்தவர்கள் இருவர் மட்டுமே. ஓரத்தில் இருந்த பெயர் உருவம் பெற்று உள்ளே வந்துவிட்டது.

அந்த ஏடு இப்போது பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சில பக்கங்கள் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அமீர் குஸ்ரோவின் ஏட்டுக்கும் அதே கதி. பெரும்பகுதி பால்டிமோரில்; பஸாவனின் யாத்திரிகர் படம் உள்பட வேறு சில 1913-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. லாகூரில் ஒரே அட்டைக்குள் இருந்தவை கடல் கடந்து சிதறிவிட்டன. ஆனாலும் அங்கெல்லாம் கண்ணாடிக்குக் கீழே வைக்கப்படும் சீட்டில் பஸாவன், மனோகர், லால் என்ற பெயர்கள் அச்சாகின்றன. அக்பரின் எழுத்தர்களிடமிருந்து வந்த பெயர்களும் அவற்றில் உண்டு.

மொகலாயச் சித்திரம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், அருங்காட்சியகத்திலானாலும் காலண்டரிலானாலும், நாம் முதலில் ராஜாவைப் பார்ப்போம். பிறகு காதலர்களைப் பார்ப்போம். அது இயல்புதான். பார்த்து முடித்த பிறகு ஒரு நிமிஷம் கீழ் ஓரத்தையும் பாருங்கள். அங்கே எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு வரி இருக்கலாம். படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அது ஒரு தொழிலாளியின் பெயர். அதை எழுதியவர் ஒரு குமாஸ்தா.